ரோட்டால் போன விமானம்

போன சனிக்கிழமை, மொன்றியலின் ரொக்ஸ்பரோவில், ஒரு விமானம் ரோட்டால் போனது.

பொய் இல்லை. முன்னால் ஒரு பிக்கப் வண்டி, பின்னால் நீளமான ட்ரெய்லர், அதன்மேல் இறக்கை இல்லாத விமானம். இறக்கைகள் இரண்டையும் பழைய கம்பளத்தில் சுற்றிப் பக்கத்தில் கிடத்தி, பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எட்டுப் பட்டி... எண்ணினேன். சந்தியில் சிவப்பு விளக்கு விழ, விமானமும் நின்றது. பச்சை விழுந்ததும் இடது பக்கம் சிக்னல் போட்டுத் திரும்பிப் போய்விட்டது.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மூன்று பேர். நான், என் தங்கை பவானி, அவளுடைய கணவன் நேசன். அந்த விமானத்தைக் கட்டியவன் நேசன். அதில் ஒருநாளும் பறக்காதவனும் அவன்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எண்ணாமல் இருக்க முடியாத ஆள். ஊரில் கணிதப் பட்டம், இங்கே லாசாலில் ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணும் வேலை. பட்டத்துக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள் — இந்த நகரத்தில் என் வயதுக்காரர் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. மெத்ரோவில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் விளக்குகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஏதோ ஒன்று தவறாமல் நடக்கிறது என்ற நிம்மதி. சரியாக இல்லாவிட்டால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

நேசனும் அளவுக்காரன்தான், ஆனால் வேறு மாதிரி. விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடங்கள் நின்றான். அவன் செய்தது ஒரே ஒரு சாமான். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு, அதில் நாலு துளை. அது விமானத்தில் எந்த இடத்துக்குப் போகிறது என்றுகூட அவனுக்குப் பல வருடங்கள் தெரியாது. ஆனால் ஒரு துளை மயிரிழை விலகினாலும் அந்தத் தகட்டில் சிவப்புச் சீட்டைக் கட்டி ஒதுக்கிவிடுவான். சிவப்புச் சீட்டு கட்டிய சாமானை முதலாளி வந்தாலும் தொடக்கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

ஓய்வு பெற்றதும் பறக்கப் படித்தான், லைசென்சும் எடுத்தான். பிறகு ஒருநாள் பெட்டி பெட்டியாக ஒரு விமானம் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. வீட்டிலேயே பூட்டிக் கட்டும் விமானம். இரண்டு இருக்கை. ஒன்று அவனுக்கு, மற்றது பவானிக்கு.

கராஜில் இருந்து கார் வெளியே போனது. மொன்றியல் பனிக்காலத்தில் ஒருவன் காரை வெளியே நிறுத்துகிறான் என்றால், அது விளையாட்டு ஆசை இல்லை என்று உங்களுக்குப் புரியும்.

நான் எப்படி இதற்குள் மாட்டினேன்? தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியில் இருந்து காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உள்ளுக்குள் இருந்து ஓர் இரும்புக் கட்டியைப் பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டி பிடிக்க மூளை தேவையில்லை, பொறுமை போதும் என்று நேசன் சொன்னான். இரண்டில் எதை என்னிடம் கண்டான் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியில் வந்த சாமான்கள் ஒன்றோடொன்று தானாகப் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். கடையில் வாங்கும் அலமாரியை நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன், பாருங்கள். முதல்நாளே தெரிந்துவிட்டது. இறக்கைக்குள் நிற்கும் விலா எலும்பு மாதிரித் தகடுகள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல வளைந்திருந்தன. அச்சில் அழுத்தும்போது அப்படித்தான் வருமாம். துளைக்கும் துளைக்கும் நடுவில் குறடால் சின்னச் சின்ன மடிப்பு வைத்து, மேசையில் வைத்துப் பார்த்து, மறுபடி மடித்து நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்தால்தான் மேல் தகட்டின் துளைகளும் இதன் துளைகளும் நேருக்கு நேர் வரும்.

எனக்கு அவசரம். “கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு அடிச்சால் வராதோ?” என்று கேட்டேன்.

நேசன் குறடைக் கீழே வைத்தான்.

“மச்சான், ஓட்டை பொருந்தேல்லை எண்டால் ஓட்டையிலை பிழை இல்லை. வேறை எங்கையோ பிழை. அதைத் தேடோணும். இழுத்து வைச்சு அடிச்சால் அந்தத் தகடு வாழ்நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டே நிக்கும். பேந்து ஒருநாள் மேலை வைச்சு வெடிக்கும்.”

அந்த வசனத்தை மறக்காதீர்கள். நானும் மறக்கவில்லை.

அப்படியே இரண்டு பனிக்காலம் போனது. மூன்றாவது செப்டம்பரில் விமானத்தின் உடலும் தயார், இறக்கைகளும் தயார். இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. இறக்கை ஒன்றுக்கு மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். ஆகாயத்தில் இரண்டு மனித உயிரைத் தாங்குவது அந்த நாலு போல்ட்கள்தான்.

அங்கேதான் பவானி பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

நாள் பார்த்தாயிற்று. ஐயருக்குச் சொல்லியாயிற்று. புது வீட்டுக் குடிபூரல் மாதிரி ஒரு பூசை. இறக்கை பூட்டுவது சுப நேரத்துக்குள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தும் லாசாலில் இருந்தும் ஆட்களைக் கூப்பிட்டாயிற்று.

“அதுக்கு முதல் ஒருக்கால் பூட்டிப் பாப்பமே?” என்றான் நேசன்.

“என்ன கதைக்கிறியள்? கலியாணத்துக்கு முதல்நாள் தாலியைக் கட்டிப் பாக்கிறதோ?”

நேசன் சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று வேண்டுமானால் எழுதலாம். மிகையாக இருக்கும், ஆனால் பெரிய பொய்யாக இராது.

தொழிற்சாலையில் முப்பது வருடம் எதையும் அளந்து பார்க்காமல் விடாத மனிதன், தன் வீட்டில், தன் விமானத்தின் இறக்கையைப் பூட்டிப் பார்க்காமல் ஊரைக் கூப்பிட்டான். ஏன்? முதல் பூட்டு நல்ல நேரத்தில் விழ வேண்டும். அதற்கு முன் விழுந்தால் அது முதல் பூட்டு ஆகாது. இதை ஒரு வெள்ளைக்காரனுக்கு விளக்க முடியுமா? நமக்கு விளக்கத் தேவையே இல்லை. பிள்ளைகளின் கலியாணத்தையும் நாங்கள் இப்படித்தானே செய்கிறோம்... இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பதிந்து, ஐந்நூறு பேருக்குச் சொல்லிவிடுகிறோம். பிறகு, பொருந்தித்தான் ஆக வேண்டும்!

அன்று காலை நல்ல வெயில், நல்ல குளிர். விமானத்தைத் தள்ளி ட்ரைவ்வேயில் நிறுத்தினோம். மூக்கில் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரத்தம் பூ. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், கைக்குழந்தை இரண்டையும் சேர்த்து. ஆறு தட்டு மரக்கறி ரோல்ஸ், வடை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவி மடாம், இது உண்மையில் பறக்குமா என்று பிரெஞ்சில் கேட்டாள். நேசன் வேட்டியோடு நின்று “வுய், வுய்” என்று தலையாட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை.

இடது இறக்கை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல் போல்ட் போனது. கீழ் போல்ட் போனது. கைதட்டல்.

வலது இறக்கை. மேல் போல்ட் போனது. கீழ் போல்ட் போகவில்லை.

நான் விமானத்துக்குக் கீழே மல்லாக்கப் படுத்து டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்கையின் துளையும் உடலில் உள்ள தகட்டின் துளையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், உள்ளே முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. வட்டத்தின் ஓரத்தை மறுதகடு மறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் பிறை அளவு கறுப்பு.

நேசன் இறக்கையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னான். இறக்கச் சொன்னான். முன்னுக்குத் தள்ளச் சொன்னான். கறுப்புப் பிறை அசையவில்லை.

“நேசன், நேரம் முடியப் போகுது,” என்றார் ஐயர். கோபம் இல்லை, ஞாபகப்படுத்தல்தான். இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நாலு பேரில் ஒருவர், “கெதியாப் பாரும் அண்ணை, கை விடுகுது,” என்றார். சுற்றிவரப் போன்களைத் தூக்கிப் பிடித்தபடி சனம். ரொறொன்ரோவில் இருக்கும் அவனுடைய மகளும் ஒரு போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேசன் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“மச்சான், அந்த உருண்டை அரத்தை எடும்.”

எடுத்துக் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. “வேண்டாம்,” என்றேன். அவனே எட்டி எடுத்தான். உடல் தகட்டின் துளையோரத்தைத் தேய்த்தான். அலுமினியத் தூள் என் முகத்திலும் அவனுடைய வேட்டியிலும் விழுந்தது. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது வேலை செய்வது போலத்தான் தெரிந்திருக்கும். கீழே படுத்திருந்த எனக்கு மட்டும், வட்டமாக இருந்த துளை முட்டை ஆவது தெரிந்தது.

போல்ட் போனது. கைதட்டல். தேங்காய். சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய்.

“நேசன், இது சரியில்லை.”

“பேந்து பாப்பம் மச்சான். சனம் நிக்குது.”

போல்ட்டும் துளையும் விரலும் மோதிரமும் போல இறுக்கமாக இருக்க வேண்டும். முட்டைத் துளைக்குள் போல்ட் ஆடும். எஞ்சினின் ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் ஆடும். ஆட ஆடத் துளை பெரிதாகும். இது நான் அவனுக்குச் சொன்னதல்ல. இரண்டு பனிக்காலமாக அவன் எனக்குச் சொன்னது.

சனம் போன பிறகு இறக்கைகளைக் கழற்றி உள்ளே வைத்தோம். அடுத்த கிழமை நான் போனபோது, தேய்த்த இடத்துக்குப் பச்சைப் பூச்சு அடித்து முடித்திருந்தான். பரிசோதகர் வந்து பார்த்துத்தான் பறக்க அனுமதி கொடுப்பார், உண்மை. ஆனால் போல்ட் ஏறிய பிறகு அதன் தலைக்குக் கீழே துளை வட்டமா முட்டையா என்று எந்தப் பரிசோதகருக்குத் தெரியும்?

“பேந்து எண்டீர்?” என்றேன்.

“செய்தவங்கள் இரண்டு மடங்கு தாங்கிற மாதிரித்தான் செய்திருப்பாங்கள். விடும்.”

“உம்மடை தொழிற்சாலையிலை இதுக்கு என்ன செய்வீர்?”

நேசன் கம்ப்ரசரைப் போட்டான். அந்தச் சத்தத்துக்குள் யாரும் கதைக்க முடியாது.

வசந்தத்தில் முதல் பறப்பு என்று தீர்மானித்திருந்தான். சட்டப்படி கொஞ்ச மணித்தியாலங்கள் தனியே பறக்க வேண்டும், பிறகு பவானியை ஏற்றலாம். அவள் அதற்கென்று ஒரு கம்பளிச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தாள். அதை எனக்குக் காட்டினாள். நீல நிறம். ஆறு பித்தான்.

அன்று குசினியில் வைத்து அவளுக்குச் சொன்னேன்.

அவள் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கல்லில் தோசை கருகியது.

“நான்தானே அண்ணை பூட்டிப் பாக்க விடேல்லை,” என்றாள். அடுப்பை நிறுத்திவிட்டுக் கராஜுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“இஞ்சேருங்கோ. அந்த ஓட்டையைச் சரியாக்காமல் நான் ஏற மாட்டன். நீங்களும் ஏறக்கூடாது.”

நேசன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“சொல்லிப்போட்டீர் என்ன? முப்பது வரியம் நான் ஓட்டை போட்டனான். நீர் பெட்டி எண்ணினனீர். பெட்டிக்குள்ளை என்ன இருந்தது எண்டாவது தெரியுமோ உமக்கு?”

தெரியாது. பெரும்பாலும் தெரியாது. அதையும் சொன்னேன். அது அவனை இன்னும் மோசமாக்கியது.

“இனி இஞ்சை வர வேண்டாம்.”

போகவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்கப் போகவில்லை. பவானி போனில் கதைப்பாள், அவர் கராஜுக்குள்ளேயே போகிறாரில்லை என்பாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அழைப்பு வரவில்லை. என் மகள், “அப்பா, நீங்கள் சும்மா இருந்திருக்கலாமே?” என்றாள். இருந்திருக்கலாம். சும்மா இருந்தவர்களால்தான் இந்த உலகத்தில் பாதி உறவுகள் நிலைத்து நிற்கின்றன என்று இந்தப் பத்தியிலேயே முன்பொருமுறை எழுதியிருக்கிறேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

பனி கரையத் தொடங்கிய நேரம் போன் வந்தது. வணக்கமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை.

“கட்டி பிடிக்க ஆள் வேணும்.”

போனேன். வலது பக்கத் தகட்டில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. அவனுடைய பழைய தொழிற்சாலைச் சீட்டு. அவனே கட்டியிருக்கிறான்.

நேசன் மெலிந்திருந்தான். மன்னிப்பு, சமாதானம் என்று ஒன்றும் இல்லை. எங்கள் ஆண்களுக்கு அது வராது. தரையைக் காட்டினான்.

“பாரும். ஓட்டையிலை பிழை இல்லை.”

கராஜ் தரை சரிவு. காரில் இருந்து உருகும் பனித்தண்ணீர் கதவுப் பக்கம் ஓட வேண்டும் என்று இங்கே அப்படித்தான் போடுவார்கள். அந்தச் சரிவைச் சமப்படுத்த, விமான உடல் நின்ற தாங்கியின் ஒவ்வொரு காலுக்குக் கீழும் பலகைத் துண்டு வைத்திருந்தோம். ஒன்று எப்போதோ நழுவிப்போய்விட்டது. அதற்குப் பிறகு அடித்த ரிவெட்டுகள் எல்லாம் முறுகிய உடலை முறுகியபடியே இறுக்கிவிட்டன.

“நாலு காலுக்கு மூண்டு பலகை. எண்ணுற ஆளின்ரை கண்ணிலை இது படேல்லையோ?”

ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் என்னைக் கிண்டல் செய்தான். எனக்குக் கண் கலங்கியது. தூள் விழுந்துவிட்டது என்றேன்.

திருத்துவது சின்ன வேலையா? அடித்த ரிவெட்டை, துளை பெருக்காமல், தலையை மட்டும் துளைத்துக் கழற்ற வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு ரிவெட். பிறகு உடலை மட்டம் பார்த்து நிமிர்த்தி, புதுத் தகடு எடுப்பித்து, மறுபடி ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். வசந்தம் போனது. கோடையும் பெரும்பகுதி போனது. பக்கத்து வீடுகளில் இறைச்சி வாட்டும் மணம் வரும். தலைக்கு மேலே சின்ன விமானம் ஏதாவது போகும் சத்தம் கேட்கும். நேசன் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

ஓகஸ்டில் வலது இறக்கையை வைத்தோம். ஐயர் இல்லை, சனம் இல்லை. நான் டோர்ச் பிடித்தேன். உள்ளே முழு வட்டம். நேசன் போல்ட்டை விரலால் தள்ளினான். எண்ணெய் பூசினது போல இறங்கியது.

“பவா, வந்து பாரும்,” என்று கூப்பிட்டான். அவள் வந்து பார்த்தாள். ஒருவரும் கை தட்டவில்லை.

அதே மாதம், விமானம் ஓட்டுவதற்கான அவனுடைய மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. டொக்டர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, இடையில் ஒன்று தவறுகிறது. கார் ஓட்டலாம். விமானம் கூடாது. இனி ஒருபோதும் கூடாது.

கணக்கைப் பாருங்கள். அவன் அந்த முட்டைத் துளையை அப்படியே விட்டிருந்தால் மே மாதம் பறந்திருப்பான். சான்றிதழ் ஓகஸ்ட் வரை செல்லும். ஒரு கோடை முழுக்க ஆற்றுக்கு மேலே, பாலங்களுக்கு மேலே, தன் கையால் கட்டிய விமானத்தில் பறந்திருப்பான். நீலச் சட்டை போட்ட என் தங்கையோடு. அல்லது, அந்தத் துளை... இதற்கு மேல் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை விமானத்தை வாங்க வந்தவர் வடக்கே ஏரிப்பக்கத்து ஊர்க்காரர். தாடி, பெரிய கைகள். கட்டி ஏற்றுவதற்கு முன் நாலு துளைக்குள்ளும் விரல் விட்டுத் தடவினார். வலது பக்கக் கீழ்த் துளைக்குள் போல்ட்டைத் தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளினார். “பார்ஃபே” — கச்சிதம் — என்றார். நேசன் “மெர்சி” என்றான், கடையில் மிச்சக் காசு வாங்கும்போது சொல்வது போல.

பிறகுதான் அந்தச் சந்தி, சிவப்பு விளக்கு, இடது பக்கம் சிக்னல்.

பவானி தேத்தண்ணி போட உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் கராஜுக்குள் நின்றோம். இவ்வளவு பெரிய கராஜா இது என்று தோன்றியது. நேசன் விமானம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மச்சான்,” என்றான், “அந்த ஓட்டை ஒரு கோடை தாங்கியிருக்கும், என்ன?”

தாங்கியிராது என்றால், எனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தாங்கியிருக்கும் என்றால், அவனிடமிருந்து அந்தக் கோடையை எடுத்தவன் நான்.

குனிந்து, தரைச் சரிவில் உருண்டு கதவோரம் சேர்ந்திருந்த ரிவெட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பதினேழு.